வைப்பர் மோட்டார் விஷயமாக நம் வாடிக்கையாளர்களுக்கு

எல்லாருக்கும் வணக்கம்.

போன வாரத்திலிருந்து வேளச்சேரி, மடிப்பாக்கம் பக்கத்து அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குழுக்களில் நம் கடையைப் பற்றி ஒரு செய்தி சுற்றிக்கொண்டிருக்கிறது. ஒருவர் காரில் வைப்பர் ஃபியூஸ் போனதற்கு மோட்டாரையே மாற்றி 3,800 ரூபாய் வாங்கிவிட்டார்களாம். உங்களில் நாலைந்து பேர் அதை எனக்கே அனுப்பி "என்ன அண்ணே இது?" என்று கேட்டீர்கள். நேராக என்னிடம் கேட்டதற்கு நன்றி. ஒவ்வொருவருக்கும் தனியாகப் பதில் சொன்னால் கடை வேலை நின்றுவிடும், அதனால் மொத்தமாக இங்கே எழுதுகிறேன்.

அந்த வண்டி வந்தது சாயங்காலம், நல்ல மழை, வைப்பர் கண்ணாடியின் நடுவிலேயே நின்றுபோயிருந்தது. நாங்கள் முதலில் பார்த்ததே ஃபியூஸைத்தான். 20 ஆம்பியர் ஃபியூஸ் எரிந்திருந்தது, புதிது போட்டதும் வைப்பர் ஆடியது. அப்படியே அனுப்பியிருந்தால் வண்டிக்காரரும் சந்தோஷமாகப் போயிருப்பார், எனக்கும் இந்தப் பேச்சு வந்திருக்காது. ஆனால் கொஞ்சம் ஓடட்டும் என்று வைத்துப் பார்த்தோம், ஐந்து நிமிடத்தில் அதுவும் எரிந்தது.

ஃபியூஸ் தானாகப் போவதில்லை. அந்த வயரில் ஏதோ ஒன்று அளவுக்கு மீறி கரண்ட் இழுத்தால்தான் போகும். இழுப்பது எது என்று கண்டுபிடிப்பதுதான் வேலையே. வைப்பர் கைகளை ஆட்டுகிற லிங்கேஜ் துருப்பிடித்து இறுகியிருந்தாலும் இதே கதைதான் நடக்கும், அப்போது மோட்டாரைத் தொடவே வேண்டாம். அதனால் கைகளைக் கழற்றி, பானெட்டுக்குப் பின்னால் இருக்கிற கறுப்பு பிளாஸ்டிக் மூடியை எடுத்து, லிங்கேஜை மோட்டாரிலிருந்து பிரித்துக் கையால் ஆட்டிப் பார்த்தோம். வழுவழுவென்று ஆடியது. அப்புறம் மோட்டாரை மட்டும் தனியாக பேட்டரியில் நேரடியாகக் கொடுத்து மீட்டர் வைத்தோம். பாரம் இல்லாமல் ஓடுகிற மோட்டார் 2, 3 ஆம்பியர் இழுத்தால் அதிகம். இது 14-க்கு மேல் காட்டியது, கை வைக்க முடியாத சூடு வேறு. பாரமே இல்லாமல் இந்த நிலைமை என்றால், இரண்டு வைப்பர் கையையும் சேர்த்து ஆட்டும்போது ஃபியூஸ் எப்படி நிற்கும்?

கியர் மூடியைத் திறந்து அவருக்கும் காட்டினோம். உள்ளே கிரீஸ் தேங்காய்ப்பால் மாதிரி வெளுத்திருந்தது, தண்ணீர் கலந்தால்தான் அப்படி ஆகும். மோட்டாரின் சுற்றுகிற பாகத்துக்குக் கரண்ட் கொடுக்கிற கார்பன் பிரஷ் இரண்டு சேறு பிடித்து அதன் கூட்டுக்குள்ளேயே ஒட்டிக்கொண்டிருந்தன. வண்டி நிற்பது புங்க மரத்தடியில். பிளாஸ்டிக் மூடிக்கு அடியில் தண்ணீர் வடிகிற துளை முழுக்க இலையும் பூவும். மழைத் தண்ணீர் போக வழியில்லாமல் தேங்கி மோட்டாருக்குள் இறங்கியிருக்கிறது. இதற்குப் பிறகும் "ஃபியூஸ்தான் கோளாறு" என்று எழுதினால் மனது வலிக்கத்தான் செய்கிறது. அந்தக் குழுவில் ஒருவர் 30 ஆம்பியர் ஃபியூஸ் போட்டுக்கொள்ளச் சொல்லியிருக்கிறார். தயவுசெய்து யாரும் செய்யாதீர்கள், ஃபியூஸ் எரிய வேண்டிய இடத்தில் வயர் எரியும்.

புதுப்பேட்டையில் பழைய மோட்டார் கிடைக்குமே என்று சிலர் கேட்டீர்கள். கிடைக்கும், விலையும் குறைவு. ஆனால் உள்ளே தண்ணீர் போனதா என்று வெளியே பார்த்துச் சொல்ல முடியாது, ஐப்பசி மழையில் அதைப் போட்டு ஓஎம்ஆர் ரோட்டில் அனுப்ப எனக்குத் துணிவில்லை. 3,800-இல் மோட்டார் மட்டும் 2,900, மீதி கூலி.

ஒரு தவறு எங்கள் பக்கம் உண்டு. பழைய மோட்டாரை அன்றைக்கே அவர் கையில் கொடுத்திருக்க வேண்டும், கடையில் இருந்த கூட்டத்தில் விட்டுப்போயிற்று. மன்னிக்க வேண்டும். இப்போது அது கடை மேஜை மேல்தான் இருக்கிறது, அவர் எப்போது வேண்டுமானாலும் வந்து எடுத்துக்கொள்ளலாம். இனி மாற்றுகிற எந்தப் பாகமும் பில்லோடு உங்கள் கைக்கு வரும்.

மோட்டார் மாற்றுவதில் எங்களுக்கு ஆசை ஒன்றும் இல்லை. சுவிட்ச் போட்டால் மோட்டார் சத்தம் கேட்கிறது, வைப்பர் கை மட்டும் ஆடவில்லை என்று வருகிற வண்டிக்குப் பெரும்பாலும் நட்டை இறுக்கி அனுப்பிவிடுகிறோம். சத்தமே இல்லையென்றால் ஃபியூஸ், ரிலே, சுவிட்ச், எர்த் எல்லாம் பார்த்த பிறகுதான் மோட்டாருக்குப் போவோம். அணைத்தால் கீழே வந்து படுக்காமல் நடுவில் நிற்கிறது என்றால் கைகளைக் கீழே கொண்டுவந்து நிறுத்துகிற, மோட்டாருக்குள் இருக்கிற பார்க் சுவிட்சை முதலில் சந்தேகப்படுவோம்.

நம் எலக்ட்ரீஷியன் அண்ணனை உங்களுக்கெல்லாம் தெரியும். 11 வருடம் இருந்தவர், அப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்று ஆடி மாதம் ஊருக்கே போய்விட்டார். பிரஷ் மாற்றி பழைய மோட்டாரையே ஓட வைப்பது அவர் கை வேலை. அவர் இடத்துக்கு ஆள் கிடைக்கும்வரை அந்த வேலை எடுப்பதில்லை, கோளாறு பார்க்கும் கூலியும் 250-இலிருந்து 400 ரூபாய் ஆகிறது.

2015 டிசம்பரில் கடைக்குள் இடுப்பளவு தண்ணீர் நின்றபோது, கூப்பிடாமலே வந்து கருவிகளை மாடிக்குத் தூக்கிக் கொடுத்தவர்கள் இதைப் படிக்கிறீர்கள். அதை நானும் என் வீட்டில் உள்ளவர்களும் ஒரு நாளும் மறக்கவில்லை. உங்களிடம் பொய் சொல்லி 3,800 ரூபாய் வாங்கி நான் எங்கே போகப்போகிறேன்?

மரத்தடியில் வண்டி நிறுத்துகிறவர்கள் இந்த வாரமே ஒரு நடை வாருங்கள். மூடியைத் திறந்து இலையை அள்ளிவிட்டு, துளையில் தண்ணீர் விட்டுப் பார்க்கப் பத்து நிமிடம் ஆகும், அதற்குக் காசு வேண்டாம். ஞாயிறு மதியம் வரை கடை திறந்திருக்கும்.

அன்புடன்,
உங்கள் கடைக்காரர்