சுவரொட்டி லேகியமும் டயாலிசிஸ் நோயாளிகளும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ‘ஆண்மைக் குறைவா?’ என்று கேட்கும் பேருந்து நிலையச் சுவரொட்டிகளை நம்பி லேகியம் வாங்குவோரில் சிறுநீரகம் பழுதானவர்களும் இருக்கிறார்கள். டயாலிசிஸ் செய்துகொள்ளும் ஆண்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் குறைந்திருக்கும். ரத்தத்தில் தேங்கும் கழிவு விரையின் சுரப்பையும், மூளையிலிருந்து அதற்கு வரும் ஏவலையும் சேர்த்தே கெடுக்கிறது. வெளியேற வழியின்றித் தேங்கும் புரோலாக்டின் (பால் சுரப்புக்கான ஹார்மோன்) அதை இன்னும் அமுக்குகிறது. ஆசை குறைவதோடு தசை கரையும், எலும்பு வலுவிழக்கும், ரத்தசோகையும் கூடும். எல்லாவற்றையும் ‘கிட்னி அசதி’ என்று ஒதுக்கிவிடுகிறோம்.

தவறு பெரும்பாலும் பரிசோதனையில்தான் நடக்கிறது. இந்த ஹார்மோன் காலையில் உச்சத்தில் இருந்து மாலைக்குள் இறங்கும். ராமேஸ்வரத்திலிருந்து பஸ் பிடித்து ராமநாதபுரம் வந்து மதிய ஷிப்டில் படுப்பவரிடம் அப்போதே ரத்தம் எடுத்தால் அளவு குறைத்துத்தான் காட்டும். வெறும் வயிற்றில், காலை 7 முதல் 10 மணிக்குள், வெவ்வேறு நாட்களில் 2 முறை எடுக்க வேண்டும். இரண்டிலும் டெசிலிட்டருக்கு 300 நானோகிராமுக்குக் கீழே வந்தால் குறைவு என்று கொள்ளலாம். இரவெல்லாம் வலை இழுத்துவிட்டுக் கரையேறிய காலையில் கொடுக்கும் ரத்தம் உதவாது. ஓர் இரவாவது நன்றாகத் தூங்கி எழ வேண்டும். காய்ச்சல் வாரத்திலும் வேண்டாம். விரைக்கு மூளை அனுப்பும் ஏவல் ஹார்மோனான எல்எச், புரோலாக்டின் இரண்டையும் சேர்த்துப் பார்ப்பது நல்லது.

அளவு குறைந்ததும் டெஸ்டோஸ்டிரோன் ஊசிக்கு ஓடாமல் மாத்திரைச் சீட்டை மருத்துவரிடம் காட்டுங்கள். வாந்திக்குத் தரும் டோம்பெரிடோன், மெட்டோகுளோபிரமைடு புரோலாக்டினை ஏற்றும். நீர் பிரிய வைக்கும் ஸ்பைரனோலாக்டோன் மாத்திரை ஆண்களுக்கு மார்பைப் பெருக்கும். நீங்களாக எதையும் நிறுத்த வேண்டாம்.

ஊசிதான் என்று முடிவானால், எண்ணெய்க் கரைசலான அதைத் தசையில் ஆழமாகப் போடுவார்கள். டயாலிசிஸின்போது ரத்தம் உறையாமலிருக்க ஹெப்பாரின் ஏற்றுவதால் அன்றைக்கே போட்டால் உள்ளே ரத்தம் கட்டக்கூடும். இடைப்பட்ட நாளில் போடுவதே சரி. டெஸ்டோஸ்டிரோன் ஊசி ரத்தத்தைக் கெட்டியாக்கும். ரத்தசோகைக்கான எரித்ரோபாய்ட்டின் ஊசியும் போடுகிறவர்கள் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கைக் காட்டும் ஹெமடோகிரிட் 54 சதவீதத்தைத் தாண்டினால் நிறுத்த வேண்டும். புராஸ்டேட்டுக்கான பிஎஸ்ஏ பரிசோதனையும் தேவை. குழந்தை வேண்டும் என்பவர்களுக்கு இந்த ஊசி ஆகாது, விந்தணு உற்பத்தியே நின்றுபோகலாம். மாற்றுச் சிறுநீரகம் பொருந்தியவர்களில் பலருக்குச் சில மாதங்களில் ஹார்மோன் தானாகவே ஏறுகிறது.

லேகிய விஷயத்துக்கு வருகிறேன். உலோகம் சேர்ந்த மருந்துகளின் பாதரசமும் ஈயமும், பழுதான சிறுநீரகத்துக்கு மேலும் கேடு. சிலவற்றில் சொல்லாமலே வயாகராவின் மருந்தான சில்டெனாஃபில் கலந்திருப்பார்கள். நெஞ்சுவலிக்கு நாக்கடியில் மாத்திரை வைப்பவர் அதைச் சாப்பிட்டால் ரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்து.

டயாலிசிஸ் பிரிவுகளுக்கு ஒரு வேண்டுகோள். எடை பார்க்கும் இடத்தில், மனைவி மகன் முன்னால் ஆண்மைக் குறைவு பற்றிக் கேட்டால் ‘ஒன்றுமில்லை’ என்றுதான் பதில் வரும். மாதாந்திர ரத்தப் பரிசோதனை நாளில் மருத்துவரே தனியறையில் வைத்துக் கேட்கட்டும்.

இப்படிக்கு,
வாசகர், மண்டபம்