ஃபியூஸ் என் சட்டைப் பையில்

அனைவருக்கும் வணக்கம்.

சென்னை அம்பத்தூர் தொழிற்பேட்டையில், இரும்புத் தகட்டை அமுக்கி வடிவமாக்கும் பவர் பிரஸ் மெஷின் ஓட்டுபவன் நான். நைட் ஷிப்டில் வலது கையின் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் போய் ஏழு மாதம் ஆகிறது. போன திங்கட்கிழமை அதே மெஷின் முன்னால் திரும்ப நின்றேன். நிற்க வைத்தவர்களுக்குத்தான் இந்த மடல்.

இரண்டு பட்டனையும் இரண்டு கையால் அழுத்தினால்தான் அந்த பிரஸ் இறங்கும். டார்கெட்டுக்காக ஒரு பட்டனில் டேப் ஒட்டி அமுக்கி வைத்திருந்தோம். சூப்பர்வைசருக்கும் தெரிந்த விஷயம்தான். ரிப்போர்ட்டில் மட்டும் 'தொழிலாளியின் கவனக்குறைவு' என்று எழுதினார்கள். சண்டை போட்டு அதை மாற்ற வைத்த சங்கத் தோழருக்கு முதல் நன்றி. லீவு நாட்களுக்கு இ.எஸ்.ஐ. காப்பீட்டில் சம்பளத்தில் 90 சதவீதம் கிடைக்கும், இரண்டு விரலுக்குச் சட்டத்தில் சம்பாதிக்கும் திறனில் 20 சதவீத இழப்பு என்று இருக்கிறது என்றெல்லாம் சொல்லி, மெடிக்கல் போர்டு வரை கூடவே வந்தவரும் அவர்தான்.

உளுந்தைத் தரையில் கொட்டி ஒவ்வொன்றாகப் பொறுக்க வைத்த பிசியோதெரபி தங்கச்சிக்கும் நன்றி. அந்த மாதம் எங்கள் வீட்டில் இட்லி குறைவு.

புண் ஆறியும் பயம் ஆறவில்லை. பக்கத்து வீட்டில் கதவைச் சாத்தினாலே உடம்பு தூக்கிப்போடும். இல்லாத விரல் ராத்திரியில் அரிக்கும். ஒருநாள் இரண்டு மணிக்கு என் மனைவிதான் 14416-க்குப் போன் போட்டாள். டெலி மானஸ் என்று அரசாங்கம் நடத்தும் மனநல உதவி எண், காசு கிடையாது. அந்தப் பக்கம் பேசிய அம்மா நான் அழுது முடிக்கும்வரை அவசரப்படுத்தவே இல்லை. அப்புறம், டாக்டரைப் பாருங்கள், கம்பெனிப் பக்கமே போகாமல் இருந்தால் பயம் கூடும், கொஞ்சம் கொஞ்சமாகப் போய்ப் பழகுங்கள் என்றார். டாக்டரும் அதையே சொன்னார்.

அதைச் செய்து காட்டியவர் எங்கள் ஃபோர்மேன் அண்ணன். முதல் வாரம் கேட் வரைக்கும் வந்து டீ குடித்துவிட்டுப் போகச் சொன்னார். அடுத்த வாரம் பேக்கிங். மூன்றாம் வாரம் சாப்பாட்டு நேரத்தில் பிரஸ் பக்கம் கூட்டிப் போனார். மெயினை அணைத்தார். ஃப்ளைவீல் என்கிற கனமான சக்கரம் சுற்றி அடங்கும்வரை பேசாமல் நின்றார். ஃபியூஸைக் கழற்றி என் சட்டைப் பையில் போட்டு, "கரண்டு உன் பாக்கெட்டுல இருக்கு, இப்ப கையை வை" என்றார். தகட்டை அமுக்கும் அச்சு ஜில்லென்று இருந்தது. இப்போது இரண்டு பட்டனும் டேப் இல்லாமல் இருக்கின்றன. அதையும் அவர்தான் பார்த்துக்கொண்டார்.

ஒடிசா தம்பி, அன்றைக்கு உன் சட்டையைக் கிழித்து என் கையைக் கட்டியவன் நீ. உனக்கும் தூக்கம் போனது எனக்கு ரொம்பப் பிந்தித்தான் தெரிந்தது. உன்னை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. மன்னித்துக்கொள். அந்த நம்பரில் உன் பாஷையிலும் பேசுவார்களாம், கூப்பிடு. நானும் பக்கத்தில் உட்காருகிறேன்.

கையெழுத்து ஒத்துப்போகவில்லை என்று திருப்பி அனுப்பாமல், என் கையைப் பார்த்ததும் நாற்காலி இழுத்துப் போட்டுப் புதுக் கையெழுத்து வாங்கிக்கொண்ட பேங்க் அக்காவுக்கும் நன்றி.

இப்படிக்கு,
அதே கோணல் கையெழுத்தில்,
உங்கள் பிரஸ் ஆபரேட்டர்