பிள்ளை பெற்றவளுக்குச் சுறா வறை கொடுக்கலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

எங்கள் வன்னியில் பிள்ளை பெற்றவளுக்குப் பால் சுரக்கவேண்டும் என்று சுறாவை அவித்து உதிர்த்து, தேங்காய்ப்பூவும் மஞ்சளும் போட்டு வறை செய்து கொடுப்போம். முல்லைத்தீவுக் கரையில் சுறா வந்தால் அதற்கென்றே காத்திருந்து வாங்கும் அம்மாமார் இருக்கிறார்கள். அக்கறையில்தான் செய்கிறார்கள், ஆனால் சுறாவில் பாதரசம் சேர்வதைப் பற்றி அவர்களிடம் யாராவது பேசவேண்டாமா?

சின்ன மீனைப் பெரிய மீன் தின்ன, அதைச் சுறா தின்ன, ஒவ்வொன்றின் உடம்பிலும் இருந்த மீதைல் பாதரசம் என்ற பாதரச நச்சு கடைசியில் சுறாவின் தசையில் வந்து தங்குகிறது, சுறாவுக்கு வயதும் பருமனும் கூடக்கூட அதுவும் கூடும். கழுவினாலும் அவித்தாலும் உப்புப் போட்டுக் கருவாடாக்கினாலும் போகாது. வயிற்றுப் பிள்ளையின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும், தாய்ப்பாலிலும் கொஞ்சம் கலக்கும். அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் சிறுவர்களும் சுறாவைத் தவிர்க்கும்படியே சொல்கிறது. சுறாவில் இருக்கக்கூடிய மீதைல் பாதரசத்துக்கு, உலக உணவுத் தர அமைப்பான கோடெக்ஸ் வைத்திருக்கும் உச்ச வரம்பு கிலோவுக்கு 1.6 மில்லிகிராம்.

அதற்காக மீனே வேண்டாம் என்றில்லை. சூடை, நெத்தலி, காரல் எல்லாம் சின்ன மீன், பாதரசம் குறைவு, சத்துக்கும் குறைவில்லை, விலையும் கட்டுப்படியாகும்.

எங்கள் கரைகளில் இறங்கும் சுறாவை அதிகாரிகள் இனம்வாரியாகப் பரிசோதித்து, முடிவைத் தமிழிலேயே வெளியிடவேண்டும். குடும்பநல உத்தியோகத்தர்கள் வீட்டுக்கு வரும்போது தாயிடம் மட்டும் சொல்லாமல், சமைத்துக் கொடுக்கும் அம்மம்மாவையும் கூப்பிட்டு இருத்திச் சொல்லவேண்டும்.

ஒரு வாசகி,
முல்லைத்தீவு