குருணைகளைக் கரை சேர்ப்பது நீரோட்டம் மட்டுமல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடலில் சிதறும் பிளாஸ்டிக் குருணைகள் (பிளாஸ்டிக் பொருட்கள் செய்ய உதவும் சிறு மணிகள்) பற்றிய உங்கள் கட்டுரை, எல்லாவற்றையும் நீரோட்டத்தின் கணக்கில் எழுதிவிட்டது. அலையைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. கடலோரத்தில் வாழும் எனக்கு அது பெரிய குறையாகப் படுகிறது.

2025 மே 25 அன்று கேரளத்துக்கு அப்பால் மூழ்கிய எம்எஸ்சி எல்சா 3 கப்பலின் குருணைகள் சில நாட்களிலேயே குமரி மாவட்டக் கரைகளில் ஒதுங்கின. தென்மேற்குப் பருவக்காலத்தில் மேற்குக் கரையோர நீரோட்டம் தெற்கு நோக்கி ஓடுவதால் அவை எங்கள் பக்கம் வந்தது இயல்பே. ஆனால் நீரோட்டம் கரைக்கு இணையாகவே ஓடுகிறது. குருணைகளைக் கரைப்பக்கம் தள்ளியதில் மேற்கிலிருந்து வரும் காற்றுக்கும் அலைக்கும் பங்கு உண்டு.

அலை நீரை ஆட்டிவிட்டு அதே இடத்தில் விட்டுவிடும் என்றுதான் பள்ளியில் படிக்கிறோம். உண்மையில், மிதக்கும் துகள் அலையின் முகட்டில் முன்னே போகும் தொலைவு, பள்ளத்தில் பின்னே வரும் தொலைவைவிடச் சற்று அதிகம். அந்த மிச்சம் அலைக்கு அலை சேர்ந்துகொண்டே போகும். இயற்பியலாளர் ஜார்ஜ் கேப்ரியல் ஸ்டோக்ஸ் 1847-இலேயே இதைக் கணக்கிட்டுவிட்டார். 3 மீட்டர் உயர அலைகள் 7 விநாடிக்கு ஒன்றாக, ஒரே சீராக வந்தால், ஆழ்கடலின் மேற்பரப்பில் உள்ள துகள் நாளொன்றுக்கு ஏறத்தாழ 14 கிலோமீட்டர் நகரும்! அலையின் உயரம் பாதியானால் நகர்வு கால்பங்காகும். 20 மீட்டர் ஆழத்திலோ அநேகமாக ஒன்றும் இராது. அதனால்தான் மேலே மிதக்கும் குருணையும், அறுந்து நீருக்குள் ஆழமாகத் தொங்கும் வலையும் ஒரே இடத்தில் விழுந்தாலும் வழி பிரிகின்றன.

2017-இல் அண்டார்க்டிகாவின் கிங் ஜார்ஜ் தீவில் கடற்பாசி ஒதுங்கியிருந்தது. அதில் ஒன்று தெற்கு இந்தியப் பெருங்கடலில் உள்ள கெர்குலன் தீவிலிருந்து 20,000 கிலோமீட்டருக்கு மேல் மிதந்து வந்தது என்று மரபணுச் சோதனை காட்டியது. கணினியில் நீரோட்டத்தை மட்டும் வைத்து ஓட்டிப் பார்த்தால் அது அங்கே வந்து சேரவில்லை. அலைகளின் இழுப்பையும் சேர்த்த பிறகே சேர்ந்தது.

படகு கவிழ்ந்து கடலில் தத்தளிக்கும் மீனவரை எந்தத் திசையில் தேடுவது என்பதற்கும் இதே கணக்கு தேவை. அடுத்த முறை எண்ணெயோ குருணையோ கொட்டினால், “அலையையும் சேர்த்துத்தான் கணித்தீர்களா?” என்று உங்கள் செய்தியாளர்கள் அதிகாரிகளிடம் கேட்க வேண்டும், கிடைக்கும் பதிலை அப்படியே அச்சிட வேண்டும்.

இப்படிக்கு,
இயற்பியல் ஆசிரியை ஒருவர்,
குளச்சல்