இன்சுலினுக்கும் ரத்த வகைக்கும் முடிச்சுப் போட வேண்டாம்

ஆசிரியருக்கு,

இன்சுலின் உடலுக்கு ஒத்துக்கொள்வது ரத்த வகையைப் பொறுத்தது என்று தங்கள் நாளிதழின் நலவாழ்வுப் பக்கத்தில் வந்த கட்டுரை கவலை தருகிறது. ஏ, பி, ஓ என்பவை சிவப்பணுவின் மேற்பரப்பிலுள்ள சர்க்கரைச் சங்கிலிகளின் வேறுபாடு. ரத்தம் ஏற்றுவதற்கு அது மிக முக்கியம். இன்சுலினுக்கு எதிராக உடல் எதிர்ப்புப் புரதம் உருவாக்குவதில் பங்கு வகிப்பவை நோயெதிர்ப்பை வழிநடத்தும் ஹெச்.எல்.ஏ. மரபணுக்கள், அவை ரத்த வகையிலிருந்து வேறு. மாடு, பன்றிக் கணையத்திலிருந்து இன்சுலின் எடுத்த காலத்தில் அந்த எதிர்ப்பு மிகுதியாக இருந்தது. 1982-இல், மரபணுத் தொழில்நுட்பத்தால் தயாரித்த மனித இன்சுலின் விற்பனைக்கு வந்தபின் உண்மையான ஒவ்வாமை அரிதாகிவிட்டது.

மேலூர், உசிலம்பட்டிப் பக்கம் 'என் குரூப்புக்கு ஊசி சேரவில்லை' என்று சொல்வோரின் வயிற்றைத் தடவிப் பார்த்தால், பெரும்பாலும் தொப்புளருகே கொழுப்புக் கட்டிதான் தட்டுப்படுகிறது. ஒரே இடத்தில், ஒரே ஊசிமுனையால் திரும்பத் திரும்பக் குத்துவதால் வருவது அது. அங்கே போட்ட மருந்து சீராக உறிஞ்சப்படாது. சர்க்கரை ஏறி இறங்கும். ஒவ்வொரு முறையும் ஒரு விரற்கடையாவது தள்ளிப் போட வேண்டும். கட்டியை விட்டு நல்ல இடத்துக்கு மாறும்போது அதே அளவு போட்டால் தாழ்சர்க்கரை வரலாம் என்பதால், மருத்துவரிடம் கேட்டு அளவைக் குறைப்பது அவசியம். 'மக்களைத் தேடி மருத்துவம்' பணியாளர்கள் வீட்டுக்கு வரும்போது, மாத்திரை கொடுப்பதோடு ஊசி போடும் இடத்தையும் தடவிப் பார்க்க அரசு பயிற்சி அளிக்கலாம்.

– நீரிழிவுப் பராமரிப்புச் செவிலியர், திருமங்கலம்