பத்து கூட்டல் பத்து: சுவிஸ் பட்டாம்பூச்சித் தபால்தலைகள் பற்றி

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். போன மாத விலைப்பட்டியலில் 1950 முதல் 1957 வரை சுவிட்சர்லாந்து வெளியிட்ட 'புரோ யுவென்டூட்டே' என்ற சிறுவர் நல நிதித் தபால்தலை செட்டுகளைப் போட்டிருந்தோம். "நன்கொடைத் தபால்தலை, பட்டாம்பூச்சி" என்று சுருக்கமாக எழுதியது எங்கள் தப்பு. அன்றிலிருந்து போன் ஓயவில்லை. ஒவ்வொருவருக்கும் தனியாகச் சொல்வதைவிட எல்லோருக்கும் சேர்த்து எழுதிவிடலாம் என்றுதான் இந்த மடல்.

முதலில் பண விஷயம். "நாங்கள் கட்டுகிற தொகையில் எவ்வளவு குழந்தைகளுக்குப் போகும்?" என்று பலர் கேட்டீர்கள். ஒரு பைசாவும் போகாது. தபால்தலையில் 10+10 என்று அச்சாகியிருக்கிறதே, அதில் முதல் பத்து சாண்டிம் (அந்த ஊர்ச் சில்லறைக் காசு) தபால் கட்டணம். அடுத்த பத்து, 1912இல் தொடங்கிய புரோ யுவென்டூட்டே என்ற சிறுவர் நல அறக்கட்டளைக்கு. பள்ளிப் பிள்ளைகளே வீடு வீடாகப் போய் இவற்றை விற்பது அங்கே வழக்கம். அப்படி முதலில் வாங்கியவர் கொடுத்த காசு அன்றைக்கே அறக்கட்டளைக்குச் சேர்ந்துவிட்டது. இன்று நீங்கள் எங்களுக்குத் தருவது பழைய தபால்தலையின் விலை, எங்கள் லாபமும் அதில் அடக்கம். தர்மம் என்று நினைத்து வாங்கியவர்கள் இந்த மாதக் கடைசிக்குள் திருப்பி அனுப்பினால் முழுப் பணமும் தருகிறோம், தபால் செலவு உட்பட.

நம் நாட்டில் 1971இல் அகதிகள் நிவாரணத்துக்காகக் கடிதங்களில் 5 பைசா தபால்தலை கூடுதலாக ஒட்டினோமே, பெரியவர்களுக்கு ஞாபகம் இருக்கும். ஆனால் அது கட்டாயம். சுவிஸ்காரர்களுடையது விருப்பப்பட்டவர்கள் வாங்கியது.

அடுத்து, "பட்டாம்பூச்சி கேட்டால் யாரோ ஒரு அம்மா படத்தை அனுப்பியிருக்கிறீர்கள்" என்ற புகார். 1951 செட்டில் இருக்கும் அந்த அம்மா யோஹான்னா ஸ்பிரி, சுவிஸ் எழுத்தாளர். ஒவ்வொரு ஆண்டும் ஐந்து தபால்தலைகள். அதில் 5+5 எப்போதும் மனித முகம். 1953இல் மட்டும் 40+10இலும் ஒரு முகம் உண்டு. 1957இல் கணித மேதை ஆய்லர். சரி, மற்றதெல்லாம் பட்டாம்பூச்சியா என்றால் அதுவும் இல்லை. தேனீ, பொறிவண்டு, தும்பி, அந்துப்பூச்சி எல்லாம் கலந்துதான் வரும். எட்டு ஆண்டுகளுக்கு மொத்தம் 40. பாதிகூடப் பட்டாம்பூச்சி தேறாது. முகத்தை எடுத்துவிட்டு மீதியைத் தரச் சொல்லாதீர்கள், செட்டை உடைத்தால் மிச்சத்தை யார் தலையில் கட்டுவது?

இனி நூலிழைச் சமாச்சாரம். படத்தின் மேல் சிவப்பும் நீலமுமாக மயிர்போல ஏதோ ஒட்டியிருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். அது தூசி இல்லை. காகிதக் கூழிலேயே கலந்த இழை. கள்ள அச்சுக்குப் பயந்து செய்த ஏற்பாடு. லா ஷோ த ஃபோன் என்கிற கடிகார ஊரில் இருந்த குர்வாசியே அச்சகத்தின் வேலை இது. ஒரு நண்பர் குண்டூசியால் நீல இழையை நெம்பி எடுக்கப் பார்த்து, அப்போலோ என்ற பட்டாம்பூச்சியின் இறக்கையில் ஓட்டை போட்டுவிட்டார். நல்ல மின்ட் பிரதி, அதாவது பயன்படுத்தாத புதுசு. எனக்கே வயிறு எரிந்தது.

அந்த அப்போலோ 1955 செட்டில் 40+10. பத்து மடங்கு லென்ஸ் வைத்துப் பாருங்கள். வெள்ளை இறக்கையில் கறுப்பு வளையம், நடுவே குங்குமப் பொட்டு வைத்ததுபோல் சிவப்பு. ஆல்ப்ஸ் பாறைச் சரிவுகளில் பறப்பது. எனக்கென்னவோ 1950இன் 10+10தான் அதைவிடப் பிடிக்கும்: கறுப்பு இறக்கையில் ஆரஞ்சுப் பட்டை போட்ட ரெட் அட்மிரல். அதன் பங்காளி ஒன்று நம் ஊட்டி, கொடைக்கானல் பக்கம் பறக்கிறது. ஊட்டிக்குப் போகிறவர்கள் இந்தத் தபால்தலையைப் பையில் வைத்துக்கொண்டு போய் ஒப்பிட்டுப் பார்க்கலாம். மறக்காமல் பிளாஸ்டிக் உறையில் போட்டு. அந்த ஈரத்துக்குப் பின்பக்கப் பசை நிற்காது.

1955 செட் மின்ட்டில் இரண்டே இரண்டு மிச்சம். 1950 பயன்படுத்தியது வேண்டிய அளவு இருக்கிறது; முத்திரை எங்கே விழுந்திருக்கிறது என்று போட்டோ கேட்டு வாங்கிப் பார்த்துவிட்டே ஆர்டர் கொடுங்கள். ஞாயிற்றுக்கிழமை கடை கிடையாது.

அன்புடன்,
கடைக்காரர்