செயலாளர் ஆண்டறிக்கை 2024–25: ஆறு ஊருக்குத் திட்டம், ஐந்து ஊரில் கூட்டம்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு நண்பர்களே, உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

நம் மதுரைப் பாறையேற்றச் சங்கத்தின் 2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரையிலான அறிக்கையை உங்கள் முன் வைக்கிறேன். வழக்கமான விஷயங்களை முதலில் முடித்துவிடுகிறேன். செயற்குழு ஒன்பது முறை கூடியது. அதில் இரண்டு முறை கோரத்துக்குப் போதிய ஆள் சேராமல் டீ குடித்துவிட்டுக் கலைந்தோம். புதிதாக 11 பேர் சேர்ந்தார்கள், 4 பேர் சந்தாவைப் புதுப்பிக்கவில்லை. ஆறு ஹெல்மெட்டும், கயிற்றோடு உடம்பை இணைக்க இடுப்பில் மாட்டும் ஹார்னஸ் நான்கும் வாங்கினோம். ஞாயிற்றுக்கிழமைப் பயிற்சி மழை நாட்கள் தவிர எல்லா வாரமும் நடந்தது. ஒரு கணுக்கால் சுளுக்கைத் தவிர விபத்து எதுவும் இல்லை. அதுவும் பாறையில் நடந்ததல்ல, கீழே பைக்கை நிறுத்தும்போது நடந்தது. வரவு செலவைப் பொருளாளர் விரிவாக வாசிப்பார்.

மீதி அறிக்கை முழுவதும் சொற்பொழிவுத் தொடரைப் பற்றியதுதான். சென்ற ஆண்டு பொதுக்குழுவில் போட்ட தீர்மானம் நினைவிருக்கும். பல ஊர்களில் பையன்களும் பெண்களும் வீடியோவைப் பார்த்துவிட்டு, கிணற்றுக் கயிற்றை இடுப்பில் கட்டிக்கொண்டு பாறை ஏறுகிறார்கள் என்று சிலர் கவலைப்பட்டார்கள். அவர்கள் மதுரைக்கு வரும்வரை காத்திருக்காமல் நாம் அவர்கள் ஊருக்குப் போவோம் என்று முடிவானது. கோவை, நாமக்கல், கிருஷ்ணகிரி, மதுரை, கோத்தகிரி, சென்னை என்று ஆறு ஊர்களைத் தேர்ந்தெடுத்தோம்.

திட்டம் போட்டது நான். ஒரு பேச்சாளர், ஒரு படக்காட்சி, ஆறு ஊரிலும் அதே பேச்சு. கல்யாணச் சமையல்காரர் ஊர் எதுவானாலும் அதே பட்டியலைப் போடுவாரே, அந்த மாதிரி. செலவு குறையும் என்று நினைத்தேன். முதல் ஊரிலேயே அது கவிழ்ந்தது.

கோவைக் கூட்டம் ஆகஸ்ட் கடைசியில். பாரிஸ் ஒலிம்பிக் முடிந்து இரண்டு, மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. வந்தவர்களில் பெரும்பாலோர் செயற்கைச் சுவரில் ஏறிப் பழகும் பிள்ளைகள். 15 மீட்டர் சுவரை இந்தோனேசியாவின் வெட்ரிக் லியோனார்டோ 4.75 நொடியில் ஏறித் தங்கம் வாங்கியது அவர்களுக்கு மனப்பாடம். வெண்கலப் பதக்கத்துக்கான ஓட்டத்தில் அமெரிக்கப் பையன் சாம் வாட்சன் 4.74 நொடியில் ஏறி உலக சாதனை செய்தும் மூன்றாம் இடம்தான் என்பதை வைத்து ஹாலுக்கு வெளியே ஒரு சண்டையே நடந்துகொண்டிருந்தது. உள்ளே நம் பேச்சாளர் இமயமலைப் படங்களைக் காட்டினார். 140 படங்கள். நல்ல மனிதர், நல்ல அனுபவம். ஆனால் எழுபதாவது படத்தில் பாதிப் பேர் கைப்பேசியில் இருந்தார்கள். டீ இடைவேளைக்குப் பிறகு பாதி நாற்காலி காலி.

இருந்தவர்களில் ஒரு பதினான்கு வயதுப் பெண் எழுந்து, நடுவிரல் மூட்டு மூன்று வாரமாக வலிக்கிறது, டேப் சுற்றிக்கொண்டு ஏறலாமா என்று கேட்டாள். மேடையில் பதில் சொல்ல ஆள் இல்லை. கூட்டத்திலிருந்த பிசியோதெரபிஸ்ட் ஒருவர்தான் எழுந்தார். வளரும் வயதில் விரல் எலும்பின் வளர்ச்சித் தட்டு இன்னும் குருத்தெலும்பாகத்தான் இருக்கும், அழுத்தி அழுத்திப் பிடித்தால் அங்கே விரிசல் விடும், டேப் அதை மறைக்குமே தவிர ஆற்றாது, உடனே ஏறுவதை நிறுத்திவிட்டு எக்ஸ்ரே எடு என்றார். காலை ஊன்றாமல் விரலால் மட்டுமே தாவி ஏறும் பயிற்சியை அந்த வயதில் தொடவே வேண்டாம் என்றும் சொன்னார். அந்த ஐந்து நிமிடம்தான் அன்றைய சொற்பொழிவு. மற்றதெல்லாம் அதற்கு முன்னுரை என்று வைத்துக்கொள்ளலாம்.

திரும்பி வரும் பஸ்ஸிலேயே திட்டத்தை மாற்றி எழுதினோம். பேச்சு நாற்பது நிமிடத்துக்கு மேல் போகக் கூடாது. படம் இருபது போதும். ஒவ்வொரு ஊரிலும் அந்த ஊர்க்காரர் ஒருவராவது பேச வேண்டும். கையில் தொட்டுப் பார்க்க ஏதாவது இருக்க வேண்டும். இந்தக் கடைசி விதியால்தான் நம் சொத்துப் பட்டியலில் இப்போது ஒரு மணல் மூட்டையும், குறுக்கே வெட்டிய பழைய கயிறும், ஒரு பை நிறையக் கற்களும் சேர்ந்திருக்கின்றன. தணிக்கையாளர் கேட்டதால் சொல்கிறேன்.

நாமக்கல்லில் அக்டோபரில் கூடினோம். நாமக்கல் என்றால் ஊர் நடுவே ஒற்றைப் பாறையும் அதன் மேல் கோட்டையும். அப்புறம் லாரி. வந்தவர்களில் பாதிப் பேர் லாரித் தொழிலோடு தொடர்புள்ளவர்கள். ஏறும் கயிற்றின் வெட்டுமுகத்தைக் கையில் கொடுத்து, வெளியே உறை, உள்ளே முறுக்கிய நைலான் இழைகள், பாரத்தைத் தாங்குவது பெரும்பாலும் உள்ளிழைதான் என்று விளக்கிக்கொண்டிருந்தேன். ஐம்பது வயதிருக்கும் ஓட்டுநர் ஒருவர் எழுந்தார்.

“ஏனுங்க சார், என் கயிறு பத்து டன் பாரத்தை இழுத்துப் பிடிக்குது. உங்க கயிறு எத்தனை டன்னுங்க?”

வாயால் பதில் சொல்லவில்லை. வெளியே வேப்பமரம் இருந்தது. 40 கிலோ மணல் மூட்டையை முதலில் அவருடைய லாரிக் கயிற்றில் கட்டி, இரண்டு மீட்டர் உயரத்திலிருந்து விட்டோம். டம் என்று ஒரு சத்தம். கிளை உதறி இலை கொட்டியது, மூட்டையின் தையல் பிரிந்து மணல் கசிந்தது. கயிறு அறவில்லை. மூட்டையைத் தைத்து, ஓய்வுபெற்ற நம் டைனமிக் கயிற்றில், அதாவது இழுபட்டுக் கொடுக்கும் ஏறும் கயிற்றில், கட்டி அதே உயரத்திலிருந்து விட்டோம். மூட்டை கீழே போய், இழுபட்டு, மெதுவாக மேலே வந்து ஊஞ்சல் மாதிரி ஆடி நின்றது. மரம் அசையவில்லை.

ஓட்டுநர் இரண்டு கயிற்றையும் தடவிப் பார்த்துவிட்டு, “பிரேக்கை மிதிச்சு நிக்கறதுக்கும் செவுத்துல மோதி நிக்கறதுக்கும் உள்ள வித்தியாசம்னு சொல்லுங்க” என்றார். அதற்குப் பிறகு எல்லா ஊரிலும் இந்த வாக்கியத்தை அவர் பெயரில்தான் சொல்லி வருகிறோம். சர்வதேச மலையேற்றக் கூட்டமைப்பின் தரம் இதையேதான் எண்ணில் சொல்கிறது. ஒற்றைக் கயிறாகப் பயன்படுவது என்றால் 80 கிலோ எடையைக் கட்டி, விழும் உயரத்தைக் கயிற்றின் நீளத்தால் வகுத்தால் ஏறத்தாழ 1.77 வரும்படி திரும்பத் திரும்ப விழவிடுவார்கள். குறைந்தது 5 முறை அறாமல் தாங்க வேண்டும். முதல் முறை விழும்போது வரும் இழுப்பு 12 கிலோநியூட்டனைத் தாண்டக் கூடாது. அதாவது சுமார் 1,200 கிலோ தொங்குகிற அளவு. எத்தனை டன் என்ற கேள்விக்கு, தாங்குவதைவிட விட்டுக்கொடுப்பதே அதன் வேலை என்பதுதான் பதில். எட்டு வடிவ முடிச்சை ஒரு முறை பார்த்துவிட்டு நம் உறுப்பினர்களைவிட வேகமாக அந்த ஓட்டுநர் போட்டதையும் பதிவு செய்கிறேன். பயிற்சிக்கு ஒழுங்காக வராதவர்கள் கவனிக்கவும்.

கிருஷ்ணகிரிக் கூட்டம் டிசம்பர் இரண்டாம் ஞாயிற்றுக்கு வைத்திருந்தது. நெடுஞ்சாலை ஊர், ராமநகரம் பாறைகளில் பழகிய பெங்களூர்த் தமிழர்களும் வந்துபோகலாம் என்று கணக்கு. அதற்கு ஒரு வாரம் முன்பு ஃபெஞ்சல் புயல் கரை கடந்து, ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 செ.மீ. மழை பெய்தது. திருவண்ணாமலையில் பாறையும் மண்ணும் சரிந்து ஒரே வீட்டில் ஏழு உயிர்கள் போயின. அந்த வாரத்தில் அந்தப் பக்கம் போய்ப் பாறையேற்றம் பற்றிப் பேச எங்களுக்கு மனம் வரவில்லை. மண்டபத்துக்குக் கொடுத்த முன்பணம் திரும்பவில்லை. நாங்களும் இரண்டாம் முறை கேட்கவில்லை.

மதுரைக் கூட்டம் ஜனவரி 25 சனிக்கிழமை. தேதி குறித்தபோது பொங்கல் முடிந்திருக்கும் என்று மட்டும்தான் யோசித்தோம். ஆனால் இரண்டு நாள் முன்பு, 23ஆம் தேதி, அரிட்டாபட்டியை உள்ளடக்கிய டங்ஸ்டன் சுரங்க ஏலத்தை ஒன்றிய அரசு ரத்து செய்தது. மேலூர்ப் பக்கத்திலிருந்து ஒரு வேன் நிறைய ஆட்கள் வந்து இறங்கினார்கள், திருவிழாவுக்கு வருகிற முகத்தோடு. அரிட்டாபட்டி 2022இல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது என்பதும், அங்கே சமணர் படுக்கையும் தமிழ்ப் பிராமிக் கல்வெட்டும் இருப்பதும் நமக்குத் தெரிந்தவைதான். கல்லூரி மாணவர் ஒருவர், அந்தக் குன்றுகளில் பாறையைத் துளைத்து போல்ட் அடித்து ரூட், அதாவது ஏறும் பாதை, போடலாமா என்று கேட்டார். நான் மைக்கை எடுப்பதற்குள் பின்வரிசையிலிருந்து ஒரு பெரியவர்:

“டங்ஸ்டனுக்கே மலைய விடலை. உங்க ஆணிக்கு விட்ருவமாப்பா?”

ஹால் முழுக்கச் சிரிப்பு. மாணவரும் சிரித்துவிட்டார். பிறகு விஷயத்தைப் பேசினோம். கல்வெட்டும் சிற்பமும் உள்ள பாறையில் ஏறக் கூடாது என்பதில் விவாதமே இல்லை. அடுத்தது பறவை. லகுடு வல்லூறும் ஷாஹீன் வல்லூறும் செங்குத்துப் பாறை விளிம்பில்தான் முட்டையிடுகின்றன. வெயில் இறங்கி, உள்ளங்கை வியர்க்காமல், ஷூ ரப்பர் பாறையில் நன்றாகப் பிடிக்கிற நம்முடைய தோதான மாதங்களும் அவை கூட்டில் இருக்கிற மாதங்களும் ஒன்றின் மேல் ஒன்று விழுகின்றன. எனவே கூடு இருக்கும் பாறையை அந்தப் பருவம் முழுக்க விட்டுவிடுவது என்று சங்கத்தின் நிலைப்பாட்டைக் கூட்டத்திலேயே அறிவித்தேன். செயற்குழு ஒப்புதலை பிறகுதான் வாங்கினேன், அதற்கு மன்னிக்கவும்.

அதே கூட்டத்தில் ஒரு தமிழாசிரியர், சங்கப் பாடல்களில் தேனெடுக்க மலையில் சார்த்தும் கண்ணேணிக்கு மால்பு என்று பெயர் என்று சொல்லி உட்கார்ந்தார். அப்போது எனக்கு அது ஒரு தகவல், அவ்வளவுதான். பிப்ரவரியில் கோத்தகிரி போனபோது அது ஆளாகவே எதிரில் வந்து உட்கார்ந்தது.

கோத்தகிரியில் மண்டபம் எடுக்கவில்லை. ஒரு பள்ளித் தாழ்வாரம். குறும்பர் சமூகத்துப் பெரியவர் ஒருவர் பேச ஒப்புக்கொண்டிருந்தார், தேன் காலம் தொடங்கினால் வரமாட்டேன் என்ற நிபந்தனையோடு. மைக் வேண்டாம் என்றுவிட்டார். காட்டுக்கொடியில் ஏணி முறுக்குவதை, கையில் கொடி இல்லாமலே, காற்றில் விரலை அசைத்துக் காட்டினார். மலைத்தேனீ கூடு கட்டும் பாறைக்கு மேலிருந்து ஏணியை இறக்கிக் கீழே போக வேண்டும். சுற்றிலும் புகை, தேனீ. மேலே ஏணி கட்டிய இடத்தைக் காவல் காப்பது யார் என்று நம் பையன் ஒருவன் கேட்டான்.

“மச்சினன்தான். வேற ஆளை விடறதில்லை. அவன் அக்கா வாழ்க்கை அவன் கையில இருக்குல்ல.”

பிலே பிடிப்பவர், அதாவது ஏறுபவரின் கயிற்றைப் பிடித்துக் காப்பவர், எப்படிப்பட்டவராக இருக்க வேண்டும் என்று நான் பத்து வருடமாகப் பாடம் எடுக்கிறேன். இவ்வளவு சுருக்கமாக ஒருநாளும் சொன்னதில்லை. பெரியவர் தேனீயைப் பற்றிச் சொன்னதும் முக்கியம்: அடை தொங்கும் பாறையின் நேர் கீழே கத்தாதே, கல் தள்ளாதே, வாசனை பூசிக்கொண்டு வராதே. நம் ஊர்ப் பாறைகளில் கயிறு அறுந்து விழுவதைவிடத் தேனீயிடம் மாட்டுவதற்குத்தான் நான் அதிகம் பயப்படுகிறேன். பேச்சாளர் மதிப்பூதியத்தை அவருக்கும் மற்றவர்களுக்கும் ஒரே தொகையாகக் கொடுத்தோம்.

சென்னையை டிசம்பரில் வைக்க ஆசைப்பட்டதும் என் தவறு. மார்கழியில் சென்னையில் ஹால் தேடுவது எப்படியிருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மார்ச்சுக்குத் தள்ளினோம். மண்டபத்தில் புரொஜெக்டர் இருந்தது, அதற்கான கேபிள் இல்லை. இருபது படமும் போயிற்று. கல் பைதான் காப்பாற்றியது. பல்லாவரத்துக் கருங்கல் ஒன்றைச் சுற்றுக்கு விட்டோம். இந்தக் கல் வகைக்கு சார்னோக்கைட் என்று பெயர். கல்கத்தாவில் ஜாப் சார்னாக்கின் கல்லறைப் பலகை இந்த மெட்ராஸ் கல்லில் செய்யப்பட்டதால், ஹாலண்ட் என்ற நிலவியலாளர் அந்தப் பெயரை வைத்தார். தினமும் பல்லாவரம் வழியாக வேலைக்குப் போகும் ஐ.டி. பிள்ளைகள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். கூடவே சிற்பப் பட்டறையில் வாங்கிய ஒரு மணற்கல் துண்டு. பாறையேறுபவர்கள் போகும் கர்நாடகத்துப் பாதாமியின் பாறை இந்த இனம். மணற்கல் மழையில் நனைந்தால் வலுவிழக்கும், விளிம்பு கையோடு வந்துவிடும், நன்றாகக் காயும்வரை தொடக் கூடாது. கருங்கல் ஈரம் உலர்ந்தால் போதும். ஏறும் பாதை எவ்வளவு கடினம் என்று சொல்லும் கிரேடு பற்றி அதிகம் கேட்டது சென்னைதான். நாமக்கல்லில் ஒருவரும் கேட்கவில்லை.

இனி பணம். நுழைவுக் கட்டணம் ஐம்பது ரூபாய், பள்ளிப் பிள்ளைகளுக்கு இலவசம். தொடருக்கு வரவு ரூ. 41,200. செலவு ரூ. 46,750. துண்டு விழுந்த ரூ. 5,550 பொது நிதியிலிருந்து போயிற்று. பொருளாளருக்கு இதில் வருத்தம் உண்டு, நியாயமான வருத்தம். அவருக்கு ஒரு ஆறுதல் சொல்லிப் பார்த்தேன். எவரெஸ்ட் புகழ் ஜார்ஜ் மேலரி 1923இல் அமெரிக்காவில் சொற்பொழிவுச் சுற்றுப்பயணம் போனார். எதிர்பார்த்த பணம் தேறவில்லை. எவரெஸ்ட்டில் ஏன் ஏற வேண்டும் என்று கேட்டதற்கு, அது அங்கே இருப்பதால் என்று அவர் சொன்னதாக வரும் பதில் அந்தப் பயணத்தில் பத்திரிகையில் வந்ததுதான். “அவருக்கு அந்த ஒரு வரியாவது மிஞ்சியது” என்றார் பொருளாளர். நமக்கு பிரேக் வாக்கியம் மிஞ்சியது என்று பதில் சொன்னேன். கணக்கில் அதை எந்தத் தலைப்பில் எழுதுவது என்று கேட்டார்.

அடுத்த ஆண்டுக்குச் செயற்குழு வைக்கும் கோரிக்கைகள். கிருஷ்ணகிரிக்குப் போயே ஆக வேண்டும். ஆனால் ஐப்பசி, கார்த்திகையில் வட மாவட்டங்களில் எதையும் வைக்கக் கூடாது. கல்லூரித் தேர்வு அட்டவணையைப் பார்க்காமல் தேதி குறிக்கக் கூடாது. தேனியிலிருந்தும் திருநெல்வேலியிலிருந்தும் அழைப்பு வந்திருக்கிறது. இரண்டையும் ஒரே பயணத்தில் முடித்தால் வேன் செலவு மிச்சம். விரல் காயம் பற்றிப் பேச ஒரு பிசியோதெரபிஸ்ட்டை ஒவ்வொரு கூட்டத்துக்கும் முன்கூட்டியே ஏற்பாடு செய்ய வேண்டும். கோவைப் பெண் எக்ஸ்ரே எடுத்தாள், விரிசல் இருந்தது, ஓய்வுக்குப் பிறகு மறுபடி மெதுவாக ஏறத் தொடங்கியிருப்பதாக அவளுடைய அம்மா போன் செய்தார்.

கடைசியாக ஒன்று. மணல் மூட்டை என் வீட்டு மாடிப்படிக்குக் கீழே இருக்கிறது. நாமக்கல்லில் தைத்த இடத்தில் இன்னும் கசிகிறது. வீட்டில் தினமும் கூட்டிப் பெருக்குபவர் சார்பில் கேட்கிறேன்: இடமுள்ள உறுப்பினர் யாராவது இன்றே எடுத்துப்போனால் நன்றி.

இப்படிக்கு,
செயலாளர்